பாடநூல் சொல்லாத சில மணி நேரம்

உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் படித்த யாரும் அந்தப் படத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் வாலை ஆட்டியபடி நீந்தும் விந்தணுக் கூட்டம். மறுபக்கம் உருண்டையாகக் காத்திருக்கும் கருமுட்டை. பல கோடிப் பேர் ஓடுகிறார்கள், ஒருவர் வெல்கிறார். ஆசிரியர் அதை வேகமாகச் சொல்லி முடிப்பார். பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

நான் இப்போது பல்கலைக்கழகத்தில் உயிர் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற பருவத்தில் இனப்பெருக்க உயிரியலை ஒரு பாடமாக எடுத்திருந்தேன். அந்தப் படத்தில் முக்கியமான ஒரு கட்டம் விடுபட்டிருக்கிறது என்பது முதல் விரிவுரையிலேயே தெரிந்தது. ஆணின் உடலைவிட்டு வெளியே வந்தவுடன் ஒரு விந்தணுவை எடுத்து முட்டையின் பக்கத்திலேயே வைத்தாலும், அதனால் முட்டையைக் கருவுறச் செய்ய முடியாது. அது முழு உருவம் பெற்றிருக்கும், நன்றாக நீந்தும், ஆனால் தயாராக இருக்காது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்த பிறகே அது தகுதி பெறுகிறது. அந்தச் சில மணி நேரத்தில் விந்தணுவின் புரதங்களில் நடக்கும் மாற்றங்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

இதைத் தமிழில் எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதல் காரணம், இது மிக அழகான அறிவியல். இரண்டாவது காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முயல்கள் கற்பித்த பாடம்

முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே ஒரு கண்ணாடிக் கலத்தில் சேர்த்துக் கருவுறச் செய்யும் முயற்சிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டன. பல பத்தாண்டுகள் முயன்றும் நம்பத்தக்க வெற்றி கிடைக்கவில்லை. ஏன் என்பதும் யாருக்கும் புரியவில்லை.

விடை 1951இல் கிடைத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பணியாற்றிய, சீனாவில் பிறந்த மின் சுவே சாங் முயல்களை வைத்துச் சோதனை செய்தார். ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டின் எலிகளைப் பயன்படுத்தினார். இருவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

முயலுக்கு ஒரு வசதி உண்டு. இணை சேர்ந்து சுமார் 10 மணி நேரம் கழித்துத்தான் அதன் கருமுட்டை வெளியாகும். ஆகவே முட்டை எப்போது வரும் என்பது ஆய்வாளருக்கு முன்கூட்டியே தெரியும். சாங் வெவ்வேறு நேரங்களில் விந்தணுக்களைக் கருக்குழாய்க்குள் நேரடியாகச் செலுத்திப் பார்த்தார். முட்டை வெளியாகும் நேரத்தில் செலுத்திய விந்தணுக்கள் பெரும்பாலும் பயன்படவில்லை. சில மணி நேரம் முன்னதாகவே செலுத்தப்பட்டுக் காத்திருந்தவை முட்டையைக் கருவுறச் செய்தன. தூரம் இருவகைக்கும் ஒன்றுதான். வேறுபட்டது காத்திருந்த நேரம் மட்டுமே.

இந்த மாற்றத்துக்கு ஆஸ்டின் 1952இல் ‘கெப்பாசிட்டேஷன்’ என்று பெயர் வைத்தார். தமிழில் நிலைபெற்ற சொல் எதுவும் என் கண்ணில் படவில்லை. இந்தக் கட்டுரையில் ‘திறன்பெறுதல்’ என்று சொல்கிறேன்.

1957இல் சாங் இன்னொன்றையும் காட்டினார். திறன்பெற்ற விந்தணுக்களை மீண்டும் விந்து திரவத்தில் நனைத்தால் அவை அந்தத் திறனை இழந்துவிடுகின்றன. அப்படியென்றால் விந்து திரவத்தில் ஏதோ ஒரு ‘பிரேக்’ இருக்கிறது. பெண்ணின் உடலில் அந்த பிரேக் தளர்கிறது.

புதிதாக எழுத முடியாத உயிரணு

நம் உடலின் மற்ற உயிரணுக்கள் ஒரு புதிய வேலையைச் செய்ய வேண்டுமென்றால் டிஎன்ஏவைப் படித்து, அதற்குத் தேவையான புரதங்களைப் புதிதாகத் தயாரித்துக்கொள்ளும். விந்தணுவால் அது கிட்டத்தட்ட முடியாது. அதன் டிஎன்ஏ, புரோட்டமின் என்ற சிறு புரதங்களால் இறுக்கி மூட்டை கட்டப்பட்டிருக்கிறது. படிப்பதற்குப் பிரிக்க முடியாத மூட்டை அது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களையும், உருவாகும்போதே பெரும்பாலும் உதறிவிட்டுத்தான் விந்தணு வெளியே வருகிறது. பயணத்துக்குச் சுமையைக் குறைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

புதிய புரதம் செய்ய முடியாத ஓர் உயிரணு, தன் நடத்தையை எப்படி முழுமையாக மாற்றிக்கொள்கிறது? ஏற்கெனவே இருக்கும் புரதங்களையே மாற்றுகிறது. புரதத்தின் ஓர் இடத்தில் ஒரு பாஸ்பேட் தொகுதி ஒட்டுகிறது. அதனால் அந்த இடத்தின் மின்னேற்றம் மாறி, புரதத்தின் வடிவமும் வேலையும் மாறக்கூடும். இதைப் பாஸ்பேட் ஏற்றம் என்று சொல்வோம்.

எனக்கு இதைப் புரியவைத்தது தமிழ் நெடுங்கணக்கு. ‘க’ என்ற எழுத்துக்கு மேல் ஒரு புள்ளி வைத்தால் ‘க்’. ‘கல்’ என்று எழுதி, நடுவில் ஒரு கால் போட்டால் ‘கால்’. புதிய எழுத்தைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இருக்கும் எழுத்தில் ஒரு சிறு குறி போதும், சொல்லே வேறாகிவிடும். விந்தணுவிடம் புதிய எழுத்துகள் இல்லை. புள்ளியும் காலும் மட்டும் இருக்கின்றன.

ஆப்ப சோடாவும் கொழுப்பும்

புள்ளி வைக்கும் வேலையை எது தொடங்கிவைக்கிறது? 1963இல் ரியுசோ யானாகிமாச்சியும் சாங்கும் வெள்ளெலி இனமான ஹேம்ஸ்டரின் விந்தணுக்களைப் பெண் விலங்கின் உடலுக்கு வெளியிலேயே திறன்பெறச் செய்தார்கள். அதன் பிறகு, எந்தெந்தப் பொருள் தேவை என்று கலத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்தும் நீக்கியும் பார்க்க முடிந்தது.

1995இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பாப்லோ விஸ்கோந்தியும் சகாக்களும் சுண்டெலி விந்தணுக்களில் செய்த ஆய்வை விரிவுரையில் காட்டினார்கள். மூன்று பொருள்கள் தேவை: பைகார்பனேட், கால்சியம், அல்புமின். மூன்றும் இருந்தால் விந்தணுப் புரதங்களில் டைரோசின் என்ற அமினோ அமிலம் உள்ள இடங்களில் பாஸ்பேட் படிப்படியாக ஏறுகிறது. சோதனைப் படத்தில் தொடக்கத்தில் சில கோடுகள்தான் கறுப்பாக இருக்கும். நேரம் செல்லச் செல்ல ஒன்றன்கீழ் ஒன்றாகப் புதிய கோடுகள் தோன்றும். மூன்றில் ஒன்றை நீக்கினாலும் கோடுகள் தோன்றுவதில்லை. விந்தணுவும் திறன்பெறுவதில்லை.

இந்த மூன்றும் நமக்கு அந்நியமானவை அல்ல. பைகார்பனேட் ஆப்ப சோடாவில் இருப்பது. அல்புமின் நம் இரத்தத்தில் அதிகமாக உள்ள புரதம். கால்சியம் எலும்பில் இருப்பது. இவை செய்யும் வேலையை வரிசையாகப் பார்க்கலாம்.

விந்தணுவின் சவ்வில் கொலஸ்ட்ரால் அதிகம். அது சவ்வை விறைப்பாக வைத்திருக்கிறது. அல்புமின் அந்தக் கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ள, சவ்வு நெகிழ்கிறது. அதே நேரத்தில் வெளியிலிருந்து பைகார்பனேட் உள்ளே நுழைகிறது. ஆணின் உடலில் விந்தணுக்கள் சேமிக்கப்படும் எபிடிடிமிஸ் குழாயில் பைகார்பனேட் மிகக் குறைவு, கருக்குழாயில் அதிகம். இந்த வேறுபாட்டை உணரும் ஒரு நொதி விந்தணுவுக்குள் இருக்கிறது. நியூயார்க்கின் யோகன் பக், லோனி லெவின் குழுவினர் 2000ஆம் ஆண்டில், இந்த நொதியைப் பைகார்பனேட் நேரடியாகத் தூண்டுவதைக் காட்டினார்கள்.

தூண்டப்பட்ட நொதி, சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூற்றைத் தயாரிக்கிறது. அது பிகேஏ என்ற இன்னொரு நொதியை எழுப்புகிறது. பாஸ்பேட் ஏற்றும் தலைமைப் பணியாளர் இந்த பிகேஏதான். விஸ்கோந்தி குழுவினர் அல்புமினோ பைகார்பனேட்டோ இல்லாத கலத்தில் சைக்ளிக் ஏஎம்பி போன்ற ஒரு பொருளைச் சேர்த்தபோது, பாஸ்பேட் ஏற்றம் தானாகவே நடந்தது. அழைப்புமணி வேலை செய்யாவிட்டாலும், உள்ளே இருப்பவரைக் கைப்பேசியில் எழுப்பியதுபோல.

இங்கே அறிவியல் எப்படி நடக்கிறது என்பதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. டைரோசினில் பாஸ்பேட் ஏறுவதைத்தான் ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகள் திறன்பெறுதலின் அடையாளமாகப் பயன்படுத்தினார்கள். 2016இல், அதை ஏற்றும் நொதி செயல்படாத சுண்டெலிகளைப் பார்த்தபோது, அந்த ஆண் எலிகள் இயற்கையாக இணைசேர்ந்து குட்டிகளைப் பெற்றன. சோதனைக் கலத்தில்தான் அவற்றின் விந்தணுக்கள் தடுமாறின. விந்தணுவில் உள்ள பிகேஏ இல்லாத எலிகளோ மலடாகின்றன. ஒரு நிகழ்வின் அடையாளமும் அதன் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தேர்வில் இதை எழுதினால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். ஆய்வுலகம் இதைக் கற்க இருபது ஆண்டுகள் ஆயின.

வால் சாட்டையாகிறது

திறன்பெற்ற விந்தணுவை நுண்ணோக்கியில் எளிதில் அடையாளம் காணலாம். அதுவரை சீராக அலைபோல் அசைந்த வால், திடீரெனச் சாட்டையைச் சுழற்றுவதுபோல் ஒரு பக்கமாக வீசி அடிக்கத் தொடங்கும். கருக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் விந்தணு அதிலிருந்து விடுபடவும், முட்டையைச் சுற்றியுள்ள தடித்த உறையைத் துளைக்கவும் இந்த விசை தேவை.

வாலில் கால்சியம் நுழைவதற்கென்று ஒரு வாயில் இருக்கிறது. அதன் பெயர் கேட்ஸ்பர். 2001இல் டேவிட் கிளாப்ஹம் ஆய்வுக்கூடம் அதைக் கண்டுபிடித்தது. இந்த வாயில் இல்லாத ஆண் எலிகளின் விந்தணுக்கள் நீந்துகின்றன, ஆனால் சாட்டையடி வருவதில்லை. அந்த எலிகளுக்குக் குட்டிகள் பிறப்பதே இல்லை. வாலின் நீளத்தில் நான்கு வரிசைகளாக இந்த வாயில்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது பின்னர் தெரியவந்தது. 2011இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் இன்னொன்றைக் காட்டின. மனித விந்தணுவில் இந்த வாயிலைத் திறக்கும் சாவிகளில் ஒன்று புரோஜெஸ்டிரோன். முட்டையைச் சூழ்ந்துள்ள உயிரணுக்களே சுரக்கும் ஹார்மோன் அது.

அதாவது, முட்டை வெறுமனே காத்திருக்கவில்லை. கருக்குழாய் விந்தணுவைத் தயார் செய்கிறது, முட்டையின் பக்கத்திலிருந்து அழைப்பு போகிறது. அமெரிக்க மானிடவியலாளர் எமிலி மார்ட்டின் 1991லேயே ஒரு கட்டுரையில், பாடநூல்கள் விந்தணுவை வீரனாகவும் முட்டையை அசையாத பரிசாகவும் வருணிப்பதை விமர்சித்தார். அவர் எழுதியபோது கேட்ஸ்பர் கண்டுபிடிக்கப்படவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் அவர் பக்கம்தான் சாய்ந்தன.

தொப்பி திறந்த பிறகு

விந்தணுவின் தலையில் அக்ரோசோம் என்ற ஒரு தொப்பி இருக்கிறது. திறன்பெற்ற விந்தணுவில்தான் அது உரிய நேரத்தில் திறக்கும். திறந்தவுடன் உள்ளே மறைந்திருந்த ஒரு புரதம் வெளியே தெரிகிறது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மசாரு ஒகாபே குழுவினர் 2005இல் அதைக் கண்டறிந்து, ‘இஸுமோ’ என்று பெயரிட்டார்கள். ஜப்பானில் திருமணப் பேறுக்காக மக்கள் வேண்டிக்கொள்ளும் கோயிலின் பெயர் அது. 2014இல் இங்கிலாந்தின் சேங்கர் ஆய்வுக்கழகத்தில் கேவின் ரைட் குழு, முட்டையின் மேல் இஸுமோவைப் பற்றிக்கொள்ளும் இணைப் புரதத்தைக் கண்டுபிடித்து ‘ஜூனோ’ என்று பெயர் வைத்தது. அது ரோமானியர்களின் திருமணத் தெய்வம். புரதங்களுக்கும் பொருத்தம் பார்த்திருக்கிறார்கள்!

2024இல் வியன்னாவில் ஆண்ட்ரியா பவுலி குழுவினர், ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தி, இஸுமோ தனியாக இயங்குவதில்லை, விந்தணுவின் மேல் இன்னும் இரண்டு புரதங்களுடன் சேர்ந்து ஒரு கூட்டாக நிற்கிறது என்பதைக் காட்டினார்கள். கணினியியலா உயிரியலா என்று பல்கலைக்கழக விண்ணப்பத்தின் முன் குழம்பி நிற்பவர்கள் இதைக் கவனிக்கலாம். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் இப்போது வேலை அதிகம்.

ஏன் முதலிலேயே தயாராக வருவதில்லை?

எனக்கு எழுந்த இயல்பான கேள்வி இது. விரிவுரையாளரின் விடை எளிமையாக இருந்தது: திறன்பெற்ற விந்தணுவின் ஆயுள் குறைவு. சாட்டையடிக்கு ஆற்றல் நிறையச் செலவாகும். தொப்பி வழியிலேயே திறந்துவிட்டால் அந்த விந்தணுவால் பயனில்லை. எல்லா விந்தணுக்களும் ஒரே நேரத்தில் தயாராகிவிட்டால், முட்டை சற்றுத் தாமதமாக வரும் நாளில் ஒன்றுகூட மிஞ்சாது. மனித விந்தணுக்களில் எந்த நேரத்திலும் ஒரு சிறு பகுதியே திறன்பெற்ற நிலையில் இருக்கிறது. அவை ஓய்ந்ததும் அடுத்தவை தயாராகின்றன. ஆக இது பந்தயம் அல்ல, முறைவைத்துப் பார்க்கும் காவல்.

சோதனைக் கலத்திலிருந்து சிங்கப்பூர்வரை

திறன்பெறுதலைப் புரிந்துகொள்ளாமல் செயற்கைக் கருத்தரிப்பு சாத்தியமாகியிருக்காது. 1959இல் சாங், பெண் முயலின் உடலில் திறன்பெற்ற விந்தணுக்களை எடுத்துக் கலத்தில் முட்டைகளைக் கருவுறச் செய்து, உயிருள்ள குட்டிகளைப் பிறக்கவைத்தார். மனித முட்டையில் ராபர்ட் எட்வர்ட்ஸ் பல ஆண்டுகள் தோற்றுக்கொண்டிருந்தார். கேம்பிரிட்ஜில் ஹேம்ஸ்டர் விந்தணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த பேரி பேவிஸ்டர் என்ற முனைவர் பட்ட மாணவர் உருவாக்கிய திரவத்தைப் பயன்படுத்தியபோதுதான் வழி பிறந்தது. அந்த முடிவு 1969இல் வெளியானது. 1978இல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபெல் பரிசு கிடைத்தது.

சிங்கப்பூரில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983இல், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தது. அதைச் சாத்தியமாக்கிய மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னம். இந்தப் பெயரை நான் பள்ளியில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அறிக்கையில் இல்லாத ஒன்று

இப்போது இரண்டாவது காரணம். என் சித்திக்குத் திருமணமாகிப் பத்தாண்டுகள் ஆகின்றன. குழந்தை இல்லை. தீபாவளிக்கு வீடு வீடாகப் போகும்போதெல்லாம் “ஏதும் விசேஷமா?” என்ற கேள்வி சித்தியிடம்தான் வரும். அந்தக் கேள்வியை யாரும் சித்தப்பாவிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. முதல் நான்கு ஆண்டுகள் பரிசோதனை, மாத்திரை, ஊசி, விரதம் எல்லாமே சித்திக்குத்தான். ஐந்தாம் ஆண்டில்தான் சித்தப்பாவுக்கு ஒரு பரிசோதனை செய்தார்கள். எண்ணிக்கை சரி, அசைவு சரி, வடிவம் சரி என்று அறிக்கை வந்தது. “அவரிடம் ஒன்றுமில்லை” என்று குடும்பம் நிம்மதியாகிவிட்டது. மீதி ஆண்டுகளும் சித்தியின் தலையில் விழுந்தன.

இந்தப் பாடத்தைப் படித்த பிறகுதான் அந்த அறிக்கை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. வழக்கமான விந்துப் பரிசோதனை எண்ணிக்கையையும் அசைவையும் வடிவத்தையும் பார்க்கிறது. அந்த விந்தணுக்கள் திறன்பெறுமா, கால்சிய வாயில் திறக்குமா என்று அது பார்ப்பதில்லை. ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகர ஆய்வாளர்கள் அண்மையில், அறிக்கையில் எல்லாம் சரியாக இருந்தும் கேட்ஸ்பர் வேலை செய்யாத ஆண்களைக் கண்டறிந்தார்கள். அவர்களின் விந்தணுக்களை முட்டையுடன் கலத்தில் விட்டாலும் கருவுறுவதில்லை. விந்தணுவை ஊசியால் முட்டைக்குள்ளேயே செலுத்தும் முறைதான் கைகொடுக்கிறது.

சித்தப்பாவின் காரணமும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் ‘அறிக்கை சரியாக இருக்கிறது’ என்பதும் ‘காரணம் அவள்தான்’ என்பதும் ஒன்றல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, ஏறக்குறைய 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் மகப்பேறின்மையை எதிர்கொள்கிறார். அத்தகைய தம்பதிகளில் சுமார் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணத்தில் பங்கு வகிக்கிறது.

சென்ற மாதம் இதையெல்லாம் சித்தியிடம் தமிழில் விளக்கினேன். பாஸ்பேட், பைகார்பனேட் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “அப்போ இத்தன வருஷமா என்னை மட்டும் ஏம்மா கேட்டாங்க?” என்றார். அதற்கு விடை எந்த விரிவுரைக் குறிப்பிலும் இல்லை.

பிரேக்கை வேண்டுமென்றே பிடித்தால்?

திறன்பெறுதலைத் தூண்டுவது பயனுள்ளது போலவே, அதைச் சிறிது நேரம் தடுப்பதும் பயன்படலாம். பக், லெவின் குழுவினர் 2023இல், தாங்கள் ஆராய்ந்துவந்த அதே பைகார்பனேட் உணரும் நொதியை முடக்கும் ஒரு மருந்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தடவை கொடுத்ததும் சுமார் இரண்டரை மணி நேரம்வரை விந்தணுக்கள் அசைவிழந்தன. முதல் இரண்டு மணி நேரத்தில் இணைசேர்ந்த எலிகளுக்குக் கருத்தரிப்பே நடக்கவில்லை. மறுநாள் விந்தணுக்கள் பழையபடி இயங்கின. ஹார்மோனைத் தொடாமல், தேவைப்படும்போது மட்டும் ஆண் எடுத்துக்கொள்ளும் கருத்தடை மாத்திரை என்பதே அவர்களின் இலக்கு. மனிதர்களுக்கு அது வர இன்னும் பல சோதனைகளைக் கடக்க வேண்டும். ஆனால் இதுவரை பெரும்பாலும் பெண்களே சுமந்துவந்த பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் வாய்ப்பு, இந்தப் புரத ஆய்விலிருந்து பிறந்திருக்கிறது.

உங்களில் சிலர் நாளை மருத்துவராகலாம், ஆய்வுக்கூடத்தில் பணியாற்றலாம், ஆசிரியராகலாம். எல்லாரும் ஏதோ ஒரு திருமண வீட்டுப் பந்தியில் உட்காரத்தான் போகிறோம். அங்கே யாராவது ஒரு பெண்ணிடம் “ஏதும் விசேஷமா?” என்று கேட்டால், இலையைப் பார்த்துக் குனிந்துகொள்ளாதீர்கள். கருவுறுதலில் இரண்டு உடல்களுக்கும் வேலை இருக்கிறது, பரிசோதனையும் இருவருக்கும் முதல் நாளிலேயே தேவை என்று சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். சொற்கள் இருக்கின்றன.